ஐம்பது விழுக்காட்டு வரியும் கடலூர் இறாலும்: பொருளாதாரப் பாதுகாப்பு யாருக்கு?

இலாசுப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி, 27 ஆகஸ்ட் 2025

இன்று முதல் அமெரிக்காவில் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி. தொலைக்காட்சிகளில் பதற்றமாகப் பேசுகிறார்கள். நம் பொருளாதாரம் பெரும்பாலும் உள்நாட்டுத் தேவையை நம்பி நிற்பது. பொருளாதாரப் பாதுகாப்பு என்று இப்போது பேசப்படுவது சில்லு, மின்கலம், போர்த் தளவாடம் சார்ந்த வல்லரசுகளின் விவகாரம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இதில் என்ன இருக்கிறது?

28 ஆகஸ்ட் 2025

நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் கேட்டவரின் கணக்கு சரி. 2024-25ஆம் நிதியாண்டில் அமெரிக்காவுக்கு நாம் அனுப்பிய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 86.5 பில்லியன் டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது இரண்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆனால் இந்தச் சுமை எல்லோர் தலையிலும் சமமாக ஏறுவதில்லை. திருப்பூர்ப் பனியனும் சூரத்து வைரமும் ஆந்திரக் கடற்கரையும் அதைச் சுமக்கின்றன. நம் பக்கத்தில் பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் வட்டாரத்தில் உப்பங்கழி ஓரமாக இறால் குட்டை வைத்திருப்பவர்கள் சுமக்கிறார்கள்.

2023-24இல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் ஏறத்தாழ 40,000 கோடி. அந்த ஆண்டு ஏற்றுமதியான 7.16 லட்சம் டன் இறாலில் 2.97 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போனது. பத்தில் நான்கு பங்கை ஒரே நாடு வாங்குகிற தொழிலில் அந்த நாடு எடுக்கும் முடிவு குட்டைக் கரை வரை வந்துதான் தீரும்.

இறாலுக்கு இந்த 50 விழுக்காடு முதல் சுமையும் அன்று. அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று சொல்லிப் போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரி 2005 முதல் இருக்கிறது. இப்போது அது 2.49 விழுக்காடு. 2024 இறுதியில் நம் அரசு தரும் சலுகைகளை மானியம் என்று கருதி 5.77 விழுக்காடு ஈடுவரி விதித்தார்கள். மூன்றையும் கூட்டினால் 58.26 விழுக்காடு. இதே இறாலை விற்கும் ஈக்வடாருக்குக் கூடுதல் வரி 15 விழுக்காடு. இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20. உலகிலேயே அதிகமாக இறால் ஏற்றுமதி செய்யும் ஈக்வடாருக்கும் நமக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், அமெரிக்கக் கடைக்காரர் யாரிடம் வாங்குவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

30 ஆகஸ்ட் 2025

வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே, நம் பண்ணையாளருக்கு ஏன் வலிக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்த இழையின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கத் துறைமுகத்தில் வரிப் பணத்தைச் செலுத்துபவர் இறக்குமதியாளர்தான். அவர் உடனே இங்குள்ள ஏற்றுமதி நிறுவனத்திடம் விலையைக் குறைக்கச் சொல்கிறார், அல்லது ஈக்வடாருக்குப் போகிறேன் என்கிறார். ஏற்றுமதி நிறுவனத்துக்குக் குளிர்கிடங்கு இருக்கிறது; மூன்று மாதமோ ஆறு மாதமோ சரக்கை உறைய வைத்துக் காத்திருக்க முடியும். ஆனால் கிடங்கு வாடகையும் வங்கி வட்டியும் ஓடிக்கொண்டே இருப்பதால் அது தன் கொள்முதல் விலையைக் குறைக்கிறது. அந்தக் குறைப்பு முகவர் வழியாகக் குட்டைக்கு வருகிறது. குட்டையில் நிற்பது உயிருள்ள சரக்கு. அதற்கு நாள்தோறும் தீவனம் போட வேண்டும், இரவெல்லாம் நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் ஓட வேண்டும், மின்சாரம் நின்றால் டீசல் ஊற்ற வேண்டும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. விலை ஏறட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப் போடுவது ஒரு வாரத் தீவனத்தைப் பந்தயம் வைப்பதற்குச் சமம். வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிட்டால் பந்தயமே முடிந்துவிடும்.

நம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. உப்பங்கழியில் வெள்ளம் இறங்கி உப்புத்தன்மை சட்டென்று குறையும், கரை உடையும் பயமும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் வரி வருகிறதென்றால், இருப்பதை மழைக்கு முன் பிடித்து, சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். என் மைத்துனர் கிள்ளைப் பக்கம் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற கவுண்ட் கணக்கை வைத்தே விலை பேசப்படும் அந்தத் தொழிலில், முகவர் தொலைபேசியில் சொல்லும் விலையை அவர் ஒரு முறைகூட மறுத்து நான் பார்த்ததில்லை. மறுக்கவும் முடியாது, ஏனென்றால் தீவனத்தைக் கடனுக்குக் கொடுத்தவரே பிடியையும் வாங்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் 26 விழுக்காடு என்று அறிவித்தவுடன், ஒரு காசு கூடுதல் வரிகூட வசூலாகும் முன்பே, ஆந்திரத்தில் கொள்முதல் விலையைக் குறைத்தார்கள். அம்மாநில முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. வர்த்தகத்தில் வலிமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் காத்திருக்கும் வலிமைதான். எந்தச் சங்கிலியிலும் சுமை, காத்திருக்க முடியாதவர் நிற்கும் இடம் வரை இறங்கிக்கொண்டே போகும்.

2 செப்டம்பர் 2025

மேலே எழுதியதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய ஒன்று. 50 விழுக்காட்டில் பாதி, ஆகஸ்ட் 7இல் வந்த 25 விழுக்காடு, வர்த்தகச் சமநிலையின்மை என்ற பெயரில் வந்த 'பரஸ்பர வரி'. மறுபாதி, ஆகஸ்ட் 27இல் வந்தது, ரஷ்யாவிடமிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. உக்ரைன் போருக்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறியது. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி விலையில் கிடைத்த அந்த எண்ணெயால் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கு இலாபம் வந்தது, நாட்டின் அந்நியச் செலாவணியும் மிச்சமானது. அதை வாங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவின் பயன் ஓரிடத்திலும் தண்டம் வேறிடத்திலும் விழுந்திருக்கிறது. எண்ணெயில் இலாபம் கண்டவர்கள் இறாலுக்கும் பனியனுக்கும் ஈடு தரும் ஏற்பாடு எதுவும் இல்லை.

ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவுக்கு இந்தக் காரணத்துக்காக அபராத வரி போடப்படவில்லை. ஏன் என்பதைப் பின்னர் எழுதுகிறேன்.

3 செப்டம்பர் 2025

உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடரலாமே என்பவர்களுக்கு: தொடரலாம், தீர்ப்பும் வரலாம், அதன்பின் அது எங்கும் நகராது. மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்பாததால் 2019 டிசம்பரிலிருந்து அது செயலற்றுக் கிடக்கிறது. வழக்கில் தோற்றுப்போன நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை.

அதைவிட ஆழமான சிக்கல் 'தேசப் பாதுகாப்பு' என்ற வாசல். 1947ஆம் ஆண்டின் காட் என்ற உலக வணிக ஒப்பந்தத்தில் 21ஆம் பிரிவு, ஒரு நாடு தன் இன்றியமையாத பாதுகாப்பு நலனுக்காக விதிகளை மீறலாம் என்று இடம் தருகிறது. பல பத்தாண்டுகள் அந்தக் கதவை யாரும் அதிகம் தொடவில்லை. 2018இல் அமெரிக்கா தேசப் பாதுகாப்பு என்று சொல்லி எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 விழுக்காடு வரி போட்டது. 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு அது செல்லாது என்றது. தன் பாதுகாப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வெளியாருக்கு உரிமையில்லை என்று அமெரிக்கா ஒதுக்கித் தள்ளிவிட்டது. இந்த ஆண்டு ஜூனில் அந்த இரண்டு வரிகளும் 50 விழுக்காடாக ஏறிவிட்டன. 1995இல் அந்த அமைப்பு தொடங்கியபோது, சிறிய நாடும் பெரிய நாடும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட நன்மை. அது இப்போது பெருமளவுக்குக் காகிதத்தில்தான் இருக்கிறது.

14 செப்டம்பர் 2025

இதுவரை எழுதியது ஒரே வாங்குபவரை நம்பியிருப்பதன் கதை. ஒரே விற்பனையாளரை நம்பியிருப்பதன் கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை செய்தேன். எங்களுக்குத் தேவையான இடைநிலை வேதிப்பொருள்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வரும். விலை குறைவு, தரம் நிலையானது, தொண்ணூறு நாள் கடனும் கிடைக்கும். உள்நாட்டில் செய்து கொடுத்தவர்கள் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொருவராகத் தொழிலை நிறுத்தினார்கள். நாங்கள் அதற்காக வருந்தவில்லை. மலிவாக வாங்குவதுதான் எங்கள் வேலை.

2020 தொடக்கத்தில் சீன ஆலைகள் மூடப்பட்டபோது எல்லாம் தலைகீழானது. காலையில் சொன்ன விலை மாலையில் செல்லாது. கடன் என்ற பேச்சே இல்லை, முழுத் தொகையையும் முன்பணமாக அனுப்பினால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். பாராசிட்டமால் செய்யத் தேவையான பாரா அமினோ பீனாலுக்கே நாடு முழுவதும் சீனாவின் கையை எதிர்பார்த்து நின்றது என்பதைப் பத்திரிகைகள் அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் எழுதின. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது செய்தி இல்லை.

அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதி இந்தியாவும் பாராசிட்டமால் உள்பட மருந்து மூலப்பொருள்களும் அவற்றிலிருந்து செய்யும் மருந்துகளுமாக 26 இனங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஏப்ரலில் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நாம் நிறுத்தியபோது, அனுப்பாவிட்டால் பதிலடி இருக்கலாம் என்று அமெரிக்க அதிபர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த நாளே கட்டுப்பாடு தளர்ந்தது. சீனா நம் கையை முறுக்க முடிந்ததைப் போல, நாமும் பிறர் கையை முறுக்கும் இடத்தில் சில பொருள்களில் இருக்கிறோம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நாம் தடை செய்தபோது, அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளின் சந்தைகளில் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அந்தத் தடை விலகியது 2024 செப்டம்பரில்.

கொரோனாவுக்குப் பின் எங்கள் ஆலையில் எடுத்த முதல் முடிவு, முக்கியமான மூலப்பொருள்களின் கையிருப்பைக் கூட்டுவது. கேட்பதற்கு எளிது. கிடங்கில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், கடன் வரம்பும் போதாது. கணக்குப் பிரிவுக்கும் எங்களுக்கும் ஓயாத வாக்குவாதம். காத்திருக்கும் வலிமைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாராவது மாதாமாதம் கட்ட வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

15 செப்டம்பர் 2025

சிப்காட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லாமல் விட முடியாது. 'எல்லாவற்றையும் இங்கேயே செய்வோம்' என்ற முழக்கத்துக்குக் கைதட்டுபவர்கள் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும். ஆலைகளின் நாற்றத்தோடும் நிலத்தடி நீரின் நிறத்தோடும் அந்த மக்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். சீனப் பொருள் மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், அதன் கழிவின் செலவை அங்குள்ள ஆறுகளும் கிராமங்களும் ஏற்றுக்கொண்டதுதான். 2017 வாக்கில் சீன அரசு சுற்றுச்சூழல் சோதனைகளைக் கடுமையாக்கிப் பல ஆலைகளை மூடியபோது, இடைநிலை வேதிப்பொருள்களின் விலை இங்கே ஏறியது. அந்தத் தொழிலை மீட்டு வருகிறோம் என்றால் அதன் கழிவையும் மீட்டு வருகிறோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான முழுச் செலவையும் விலையில் சேர்த்த பின்பும் உள்நாட்டு உற்பத்தி நிற்குமா என்று கேட்டுவிட்டுத்தான் தன்னிறைவைப் பற்றிப் பேச வேண்டும். மொத்த மருந்து மூலப்பொருள்களுக்கு 2020இல் அறிவித்த 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை நான் வரவேற்றவன். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

5 அக்டோபர் 2025

இலாசுப்பேட்டை வாசகர் மறுபடியும் வந்திருக்கிறார்: "புதுச்சேரிக்கு இதில் என்ன என்று கேட்டிருந்தேன், கடலூரைப் பற்றியே எழுதுகிறீர்கள்." நியாயம். ஆனால் வர்த்தகத்தை அரசியல் ஆயுதமாக்குவதைப் புதுச்சேரியைவிட நெருக்கமாகப் பார்த்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வேறில்லை.

பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941இல் ஒரு சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் இந்திய அரசு அதை நீட்டிக்கவில்லை. 1949இல் அது முடிந்தது. பாகூரும் வில்லியனூரும் திருபுவனையும் இந்தியக் கிராமங்களோடு துண்டு துண்டாகக் கலந்து கிடக்கிற நிலப்பரப்பில், அதன்பின் அடுத்த ஊருக்குப் போகும் வழியெல்லாம் சுங்கச் சாவடி. பஞ்சாலைகளுக்குப் பருத்தியும் நிலக்கரியும் இந்தியாவிலிருந்து வர வேண்டும். மறுபக்கம், வரியில்லாமல் கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டுப் பொருள்கள் எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகப் போயின. 1954இல் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது.

இணைப்பை மக்கள் விரும்பினார்கள், அதற்காகப் போராடினார்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஊர் இது. இங்குள்ள தொழிலாளருக்கு அரசியலை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எல்லையை நெருக்கியது சரியா தவறா என்பதை நான் இங்கே விவாதிக்கவில்லை. பாரிசுக்கும் தில்லிக்கும் நடந்த அந்த இழுபறியில் இரண்டு தலைநகரங்களும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடிந்தது, வாரக் கூலி வாங்கும் நெசவாளியால் முடியவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னும் பின்னால் போனால், புதுச்சேரியின் நீலத்துணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகலுக்குப் போய் அங்கே பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. சாயமிடுவோரும் நெசவாளரும் எங்கோ ஓர் ஆப்பிரிக்க ஆற்றங்கரைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் பிழைத்தார்கள். கடலூரின் புனித டேவிட் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் துணி ஏற்றுமதி செய்த காலத்தில், அவர்களுடைய நாடாளுமன்றமே 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு இந்தியத் துணிகளைத் தடுத்தது, உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காப்பதற்காக. பிரான்சு 1686இலேயே அச்சுத்துணியைத் தடை செய்துவிட்டது. இந்தக் கடற்கரைக்குத் தொலைவிலுள்ள அரசுகளின் வரிச் சட்டம் புதிதில்லை.

12 அக்டோபர் 2025

ரஷ்ய எண்ணெய்க்காகச் சீனாவுக்கு ஏன் அபராத வரி இல்லை என்பதை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஏப்ரல் 4ஆம் தேதி, அமெரிக்க வரி அறிவிப்பு வந்த இரண்டே நாளில், சீனா ஏழு வகை அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. மின் மோட்டார்களின் காந்தத்துக்கு அவை வேண்டும். சில வாரங்களில் பல நாடுகளின் கார் ஆலைகள் தடுமாறின. அக்டோபர் 9ஆம் தேதி அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் விரித்திருக்கிறது. தாதுவை வெட்டுவதில் மட்டுமன்றி, அதைப் பிரித்துச் சுத்தம் செய்து காந்தமாக்குவதிலும் உலகின் பெரும்பகுதி சீனாவின் கையில் இருப்பதால், அந்த நாட்டால் காத்திருக்க முடிகிறது. எதிரில் நிற்பவரால் முடிவதில்லை.

2010இல் ஜப்பானோடு ஒரு கடல் எல்லைத் தகராறு எழுந்தபோது அரிய மண் ஏற்றுமதி தடைபட்டது. ஜப்பான் அதிலிருந்து பாடம் கற்றது: ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் ஒன்றில் அரசுப் பணத்தை முதலீடு செய்தது, கையிருப்பு வைத்தது, குறைவாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தைத் தேடியது, 2022இல் பொருளாதாரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இவ்வளவுக்குப் பின்பும் சீனாவை நம்பியிருப்பது குறைந்ததே தவிர நீங்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் பிடிக்கும் வேலையை நம் அமைச்சர்கள் ஓரிரு ஆண்டில் முடித்துவிடலாம் என்று மேடையில் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

19 அக்டோபர் 2025

பண்ருட்டி நண்பர் முந்திரியைக் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய கேள்வி: நம் ஊரிலேயே முந்திரித் தோப்பு இருக்கும்போது ஆப்பிரிக்கக் கொட்டையை ஏன் இறக்க வேண்டும், வரியை ஏற்றி நிறுத்திவிடலாமே?

ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையை உள்நாட்டு விளைச்சல் தருவதில்லை என்பதை அவரே அறிவார். ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா நாடுகளின் கொட்டை வராவிட்டால் ஆண்டில் பாதி நாள் உடைக்கும் பெண்களுக்கு வேலை இருக்காது. அதனால்தான் 2018 நிதிநிலை அறிக்கையில் கொட்டைக்கான இறக்குமதி வரியை 5 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள். வியட்நாமிலிருந்து பருப்பாகவே வந்து விழுவதைத் தடுக்கப் பருப்புக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். மூலப்பொருளுக்குக் கதவைத் திற, முடித்த பொருளுக்குச் சாத்து என்ற பழைய சூத்திரம். இப்போது அதே சூத்திரத்தை ஆப்பிரிக்கர்களும் படித்துவிட்டார்கள்: பெனின் 2024 ஏப்ரல் முதல் பச்சைக் கொட்டையை வெளியே அனுப்புவதைத் தடை செய்து, இங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்புவோம் என்கிறது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் விரும்பிய பாதுகாப்பைத்தான் அவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாடும் இப்படிக் கதவைச் சாத்தினால் முதலில் வேலை இழப்பவர்கள் பண்ருட்டியில் கரியும் எண்ணெயும் படிந்த கையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தாம்.

31 அக்டோபர் 2025

நேற்று தென்கொரியாவின் பூசான் நகரில் அமெரிக்க அதிபரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். அக்டோபர் 9 கட்டுப்பாடுகளைச் சீனா ஓராண்டு தள்ளிவைக்கிறது, அமெரிக்கா சீனப் பொருள்கள் மீதான வரியில் பத்துப் புள்ளி குறைக்கிறது. 12ஆம் தேதிக் குறிப்பின் கீழே, "மிகைப்படுத்துகிறீர்கள், அமெரிக்கா ஒருபோதும் இறங்கி வராது" என்று எழுதியவர் இதைப் பார்க்க வேண்டும்.

16 நவம்பர் 2025

இந்த வாரம் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் இந்த இழைக்கு நேராகப் பொருந்துபவை.

முதலாவது, நவம்பர் 14இல் அமெரிக்கா காபி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலான பல உணவுப் பொருள்களைப் பரஸ்பர வரியிலிருந்து நீக்கியது. மளிகை விலை ஏறியதால் அமெரிக்க வாக்காளர் கோபப்பட்டார், அரசு இறங்கி வந்தது. பட்டியலில் இறால் இல்லை. காபிக்கு அங்கே பெரிய உள்நாட்டு உற்பத்தியாளர் கூட்டம் இல்லை; இறாலுக்கு லூசியானா, டெக்சாஸ் மாநிலங்களில் மெக்சிகோ வளைகுடா மீனவர்கள் இருக்கிறார்கள். 2005இல் வந்த வரியும் அவர்கள் கேட்டு வந்ததுதான். நான் அவர்களை எதிரியாகப் பார்க்கவில்லை. பண்ணை இறால் வந்து விலை சரிந்ததில் படகை விற்றவர்கள் அங்கே நிறையப் பேர். கடலூர் முதுநகரில் டீசல் விலைக்கும் மீன் விலைக்கும் இடையே நசுங்கும் நம் விசைப்படகுக்காரரின் நிலைதான் அவர்களுடையதும்.

இரண்டாவது, நவம்பர் 12இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்றுமதியை வளர்க்க 25,060 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்துக்கும், ஏற்றுமதியாளருக்கு 20,000 கோடி வரை கடன் உத்தரவாதத்துக்கும் ஒப்புதல் தந்தது. அதே வாரத்தில், பாலியஸ்டர் நூல் முதலான மூலப்பொருள்களுக்கு வைத்திருந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் 14ஐ அரசே திரும்பப் பெற்றது. தரம் என்ற பெயரில் இறக்குமதியைத் தடுத்ததால் மூலப்பொருள் விலை ஏறி நம் ஆடை ஏற்றுமதியாளரே போட்டியில் பின்தங்கினார்கள். வெளியிலிருந்து வரி அடித்தபோதுதான் உள்ளே நாமே போட்ட தடை கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு. பாதிக்கப்பட்ட துறைகளின் ஏற்றுமதியாளர்கள் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்ட வேண்டிய தவணைகளுக்கு அவகாசம் தரலாம். ஏற்றுமதிக் கடனுக்கான காலத்தை 450 நாள் வரை நீட்டலாம். கடல் உணவும் அந்தத் துறைகளில் ஒன்று. அரசு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது, ஏனென்றால் அவகாசம் என்பது காத்திருக்கும் வலிமையைத் தருவதேதான். ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது? வங்கியில் ஏற்றுமதிக் கடன் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு. என் மைத்துனர் ஏற்றுமதியாளர் இல்லை. அவருடைய கடன் தீவனக் கடைக்காரரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் ஆணை செல்லாது.

17 நவம்பர் 2025

"உங்கள் மைத்துனருக்குக் கிசான் கடன் அட்டை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீன்வளத்துக்கும் அந்த அட்டை 2018-19 முதல் உண்டு. அடமானம் இல்லாமல் கிடைப்பது இரண்டு லட்சம் ரூபாய் வரை. ஒரு ஹெக்டேர் வன்னாமி இறாலுக்கு ஒரு பருவத்துத் தீவனச் செலவே அதைப்போல் பல மடங்கு. குத்தகை நிலம் என்பதால் அடமானமாக வைக்கப் பத்திரமும் இல்லை. காப்பீடு என்று பேசப்படுவது நோய்க்கும் வெள்ளத்துக்கும்தான்; வெளிநாட்டு வரியால் விலை விழுந்தால் எந்தப் பாலிசியும் பணம் தராது.

18 நவம்பர் 2025

ஒரு சின்னச் சேர்க்கை. வன்னாமி நம் ஊர் இனம் இல்லை; 2009இல்தான் அதை வளர்க்க அனுமதி கிடைத்தது. குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு வரும் நோயற்ற தாய் இறால்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் ஹவாய், புளோரிடாவிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கி, பிறகு மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. விதையும் அவர்களுடையது, சந்தையும் அவர்களுடையது. இரண்டு முனையும் ஒரே நாட்டில் இருக்கும் தொழிலைப் பதினைந்து ஆண்டுகளாக நாம் வெற்றிக் கதை என்று கொண்டாடினோம். நம் இனமான டைகர் இறாலையும் வெள்ளை இறாலையும் மேம்படுத்தும் ஆராய்ச்சிக்கு இனியாவது முன்னுரிமை வேண்டும் என்பதைப் பொருளாதாரப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே நான் கேட்கிறேன்.

7 டிசம்பர் 2025

"சிக்கலையே அடுக்குகிறீர்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று பலர் கேட்டதால் இது.

சந்தையைப் பரப்புவது எல்லோரும் சொல்லும் வழி, நடக்கவும் தொடங்கியிருக்கிறது. செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் 102 இந்தியக் கடல் உணவு நிலையங்களுக்கு அனுமதி தந்தது. ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் இறாலுக்கான வரி அங்கே நீங்கும். ஆனால் ஐரோப்பா 2016 முதல் நம் பண்ணை இறால் சரக்குகளில் பாதியை நுண்ணுயிர்க்கொல்லிச் சோதனைக்கு எடுக்கிறது. ஒரு பெட்டியில் தடயம் கிடைத்தாலும் முழுச் சரக்கும் திரும்பும். அந்தச் சந்தைக்குப் போவது குட்டைக் கரையில் யார் எந்த மருந்தை ஊற்றுகிறார் என்பதிலிருந்து தொடங்குகிறது. தீவனக் கடைக்காரர் கொடுக்கும் பெயரில்லாப் பாட்டிலை மறுக்கும் துணிவு பண்ணையாளருக்கு வர வேண்டுமென்றால், அவருடைய கடன் அந்தக் கடையில் இருக்கக் கூடாது. எந்த வழியில் போனாலும் பேச்சு கடனில்தான் வந்து நிற்கிறது.

நவம்பர் இறுதியில் அரிய மண் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வேண்டியதுதான். மருந்துக்கு, காந்தத்துக்கு, சில்லுக்கு என்று வாங்கும் பக்கத்தைக் காக்கத் திட்டம் வந்துவிட்டது. விற்கும் பக்கத்தில் ஏற்றுமதி நிறுவனத்தோடு திட்டம் நின்றுவிடுகிறது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற பண்ணைகளின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். அதே பதிவை அடிப்படையாக வைத்து, நிலப் பத்திரம் கேட்காமல், குத்தகைதாரருக்கும் பருவக் கடனும், வரி அதிர்ச்சி வரும் பருவத்தில் தவணை அவகாசமும் தருவது முடியாத காரியம் இல்லை. ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தரும் கடன் உத்தரவாதத்தில், கொள்முதல் விலையைக் கவுண்ட் வாரியாக வெளியிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், சலுகை எவ்வளவு கீழே இறங்கியது என்பதாவது தெரியும்.

மைத்துனர் மாசி மாதம் குஞ்சு விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பாதிக் குட்டைகளில் மட்டும் விட்டு, மீதியில் உள்ளூர்ச் சந்தைக்குக் கொடுவா மீன் வளர்த்துப் பார்க்கலாம் என்கிறார். கொடுவாவுக்குத் தீவனச் செலவு வேறு, வளரும் காலமும் நீளம். மரக்காணம், வேதாரண்யம், நெல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இறாலையும் கொடுவாவையும் இப்படிப் பிரித்து வளர்த்திருந்தால், பிடிக்கும்போது கிடைத்த விலையையும் வாங்கியவர் யார் என்பதையும் எழுதுங்கள். குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டே வங்கியில் பருவக் கடன் வாங்கியவர்கள் இருந்தால், பதிவுச் சான்றைத் தவிர வேறு என்ன காகிதம் கேட்டார்கள் என்பதும் எனக்கு வேண்டும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்கவிருக்கும் மனுவில் அதைச் சேர்க்கிறோம்.